பத்துப் பேர் வண்டி

காலாண்டு விடுமுறையில் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகலாம் என்று முதலில் சொன்னவள் மகாராணி. வித்யா யோசித்தாள். பொற்கொடி யோசிக்கவில்லை. "போவோம்" என்றாள். அவளிடம் எதைக் கேட்டாலும் அப்படித்தான். ஐஸ் வாங்கலாமா என்றாலும் போவோம், தேவாரத்துத் திருவிழாவுக்கு என்றாலும் போவோம், கணக்கு டீச்சரிடம் வீட்டுப்பாடம் செய்யாமல் திட்டு வாங்கவும் போவோம். மூவரும் பன்னிரண்டாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. வித்யா முதல் மதிப்பெண் வாங்குகிறவள். மகாராணி ஆடுகிறவள், பாடுகிறவள். பொற்கொடிக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் அவள் வராத நாளில் அந்த பெஞ்சில் பேச்சே எடுபடாது.

வித்யாவின் அப்பா கோட்டைச்சாமி போடியிலிருந்து மெட்டுக் கணவாய் வழியாக மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டினார். சொந்த வண்டி. அவர்கள் தெருவும் அடுத்த தெருவுமாகப் பதினெட்டுப் பெண்கள் அந்த வண்டியை நம்பி இருந்தார்கள். காலை ஐந்தரைக்கு வண்டி கிளம்பும். பதினேழு வளைவு ஏறி, கேரளாவுக்குள் இறங்கி, ஏழரைக்கெல்லாம் எஸ்டேட்டில் இறக்கிவிட வேண்டும். வித்யாவின் அம்மா கருத்தம்மாளும் அதில்தான் வேலைக்குப் போனாள், பொற்கொடியின் அம்மா முனியாயியும் அதில்தான். பொற்கொடி கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அப்பா இறந்துவிட்டார். கோட்டைச்சாமி முனியாயிக்குக் கூடப் பிறந்தவர் இல்லை. ஆனாலும் அவள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். பொற்கொடிக்கு அவர் மாமா. அவர் அவளை 'மருமகளே' என்பார்.

அன்று மூன்று பெண்கள் கூடுதலாக ஏறினார்கள். வழக்கமாக வரும் இரண்டு பேர் வரவில்லை. டிரைவரோடு சேர்த்து இருபது.

மலையில் சாரல் விட்டபாடில்லை. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே தோகை விரித்து நிற்கும். காய் இருப்பது மேலே இல்லை, தூரில். மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும் சரத்தில் குந்தி உட்கார்ந்து, முற்றினதை விரலால் தடவிப் பார்த்து எடுக்க வேண்டும். பிஞ்சைத் தொட்டால் சூப்பர்வைசர் சத்தம் போடுவான். வித்யாவுக்கு ஒரு மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போனது. காலில் சோப்பைத் தேய்த்திருந்தும் அட்டை ஏறியது. பொற்கொடி எட்டி வந்து உப்பு முடிச்சால் ஒற்றி எடுத்தாள்.

"கத்தாத புள்ள. அதுவும் பசிக்குத்தான வருது."

"உன்னையக் கடிச்சா தெரியும்."

"என்னையக் கடிச்சிருச்சே. மூணு." அவள் பாவாடையைக் கணுக்கால்வரை தூக்கிக் காட்டிச் சிரித்தாள். ரத்தம் வழிந்து மழையில் கரைந்துகொண்டிருந்தது.

மத்தியானம் ஸ்டோர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள். பழைய சோறும் சுட்ட கருவாடும். எஸ்டேட்டுக்காரப் பெண் ஒருத்தி பால் இல்லாத கட்டஞ்சாயா கொண்டுவந்து ஊற்றினாள். முனியாயி தன் கருவாட்டைப் பிய்த்து மூன்று பெண்களுக்கும் வைத்தாள். "தின்னுங்கத்தா. படிக்கிற புள்ளைகளுக்கு இந்தச் சோலி ஒரு நாளைக்குப் போதும். நாளைக்குக் கூப்பிட்டா வரமாட்டீக."

திரும்பும்போது மழை விட்டிருந்தது. மெட்டு தாண்டி இறங்கத் தொடங்கியதும் கீழே போடி வெயிலில் கிடப்பது தெரிந்தது. சந்திரவல்லி என்ற பெண் பாட்டை எடுத்தாள். அவள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். மகாராணி முன்சீட்டில் மூன்று பேருக்கு நடுவில் நெருங்கிக்கொண்டு கைதட்டினாள். கோட்டைச்சாமி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உடம்பை முழுசாகப் பின்பக்கம் திருப்பி எதிர்ப்பாட்டுப் பாடினார். கடைசி ஓரத்தில் பொற்கொடியின் மடியில் பாதியும் சீட்டில் பாதியுமாக உட்கார்ந்திருந்த வித்யா போனை எடுத்துப் படம் பிடித்தாள். ஒரு வளைவு முடியும்வரை பிடித்தாள்; பாட்டு மும்முரத்தில் மற்றவர்கள் கவனிக்கவில்லை. அப்பாவின் முகம், மடியில் மடியாக உட்கார்ந்திருந்த பெண்கள், கதவுக்கு வெளியே தொங்கிய கால்கள், அதற்குக் கீழே பள்ளம் எல்லாம் விழுந்தன. பொற்கொடியின் சிரிப்பு போனுக்குப் பக்கத்தில் கேட்டது.

வீடியோ போடும் ஆப்பில் மூவருக்கும் பொதுவாக 'மூணு ஏலக்கா' என்று ஒரு கணக்கு இருந்தது. மூன்று போனிலும் அது திறக்கும். அன்று சாயங்காலம் வித்யா அந்தப் படத்தை அதில் போடப்போனாள்.

"போடாதடி. மாமா மொகம் தெரியுது" என்றாள் பொற்கொடி.

"தெரிஞ்சா என்ன? எங்கப்பா ஹீரோ மாதிரி இருக்காரு."

"என்னமோ எனக்குச் சரியாப் படல." கொஞ்சம் பொறுத்து, "சரி, உன் இஷ்டம்" என்றாள்.

'பத்துப் பேர் வண்டியில் இருபது பேர்' என்று மேலே எழுதி வித்யா போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் அதை லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். நான்காம் நாள் ஒரு மலையாள சேனலில், மலைப்பாதையில் உயிரோடு விளையாட்டு என்று ஓட்டினார்கள். ஐந்தாம் நாள், திங்கட்கிழமை காலை, செக்போஸ்ட்டில் கோட்டைச்சாமியின் ஜீப்பை நிறுத்தினார்கள். ஆபீசர் போனில் படத்தைக் காட்டி, "இது நீதான?" என்று கேட்டாராம். இல்லையென்று சொல்ல முடியாது. பெண்களையெல்லாம் இறக்கி, வண்டியைக் கயிறு கட்டிய இடத்துக்குள் தள்ளச் சொன்னார்கள். தள்ளினவர்களும் அந்தப் பெண்கள்தான்.

பெண்கள் முந்தின பஸ்சிலேயே திரும்பிவிட்டார்கள்; கோட்டைச்சாமி மத்தியானம் பஸ்சில் வந்து இறங்கினார். அந்த மனிதர் பஸ்சில் வந்து யாரும் பார்த்ததில்லை. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கருத்தம்மாள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"அந்தப் படத்தை எடுத்தது யாரு?"

வித்யா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ஒருவேளை உண்மை வந்திருக்கும். 'எம்மக டாக்டருக்குப் படிக்கும்' என்று வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிற மனிதர். இப்போது இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவள் வாயிலிருந்து தானாக வந்தது மாதிரி அந்தப் பெயர் வந்தது.

"பொற்கொடி."

சொன்ன உடனே மனசுக்குள் ஒரு சமாதானமும் வந்தது. பொற்கொடி கோவிச்சுக்க மாட்டாள். அவளை யாரும் கோவிச்சுக்கவும் மாட்டார்கள். எத்தனை தடவை என்ன செய்திருக்கிறாள், எல்லாரும் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முந்திப் போய்ச் சொல்லி வைக்கலாம் என்று வித்யா செருப்பைத் தேடினாள். அதற்குள் கருத்தம்மாள் தெருவிலிருந்தே கூப்பிட்டுவிட்டாள். பொற்கொடி மாவு பிசைந்த கையோடு வந்தாள்.

"மருமகளே, அந்தப் படத்தை நீயா போட்ட?"

பொற்கொடி மாமாவைப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற வித்யாவைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் யாரையும் பார்த்து வித்யா கண்டதில்லை. பிறகு வழக்கமான சிரிப்பு வந்தது.

"ஆமா மாமா. சும்மா வெளாட்டுக்குப் போட்டேன். அழிச்சிர்றேன்."

"இனிமே அழிச்சு என்னத்தா" என்றார் கோட்டைச்சாமி. எழுந்து உள்ளே போனார்.

அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று வித்யா நினைத்தாள்.

செக்போஸ்ட்டில் கெடுபிடி கூடிவிட்டது. எந்த ஜீப்பிலும் டிரைவரோடு சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் ஏற்றவில்லை. சோணை என்ற டிரைவர் தன் வண்டியில் கோட்டைச்சாமியின் ஆட்களில் நான்கு பேருக்கு மட்டும் இடம் கொடுத்தான். சந்திரவல்லி போனாள், இன்னும் மூன்று பேர் போனார்கள். காய் முற்றிக் குலுங்குகிற மாதம். மற்றவர்கள் தெருக்குழாயடியில் நின்று பேசினார்கள். முனியாயி குடத்தோடு வந்தால் பேச்சு நின்றது.

"மக படம் பிடிச்சு ஊருக்குப் பேரு வாங்கிக் குடுத்துட்டா. ஆத்தா தண்ணி பிடிக்க வந்துட்டா" என்று ஒருத்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள்.

முனியாயி குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மகள் போனைப் பிடுங்கி அம்மிக்கல்லில் வைத்துத் தட்டினாள். பிறகு விளக்குமாற்றை எடுத்தாள். அந்தத் தெருவில் முனியாயி மகளை அடித்து யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். அடிக்குத்தான் சத்தம் இருந்தது. பொற்கொடியிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தன் வீட்டு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வித்யா, உரித்ததையே திரும்பத் திரும்ப உரித்துக்கொண்டிருந்தாள். கருத்தம்மாள், "அடிக்கட்டும். நாலு அடி முன்னாடியே அடிச்சிருக்கணும்" என்றாள். அன்றோடு அவள் முனியாயியிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. பொற்கொடி வரவில்லை. முதல் நாள் காய்ச்சல் என்றார்கள். ஒரு வாரம் கழித்து மகாராணிதான் விவரம் கொண்டுவந்தாள்.

"குரங்கணிக்கு மேல காப்பித் தோட்டத்துல களை வெட்டப் போறாக, அவளும் முனியாயி அத்தையும். மொத பஸ்சு. எறங்கி ரெண்டு மணி நேரம் ஏறணும். அத்தைக்கு முழங்கால் வலி, தனியா ஏற முடியல. அதனால இவ கூடப் போறா."

"மாசப் பரீட்சை வருதே."

"அதை எங்கிட்டக் கேளு." மகாராணி புத்தகத்தை மூடினாள். "வித்யா, நீ சொல்லலன்னா நான் சொல்லிருவேன்னு அவகிட்டப் போயிச் சொன்னேன். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அவளாச் சொல்லட்டும்னா."

"நான் சொல்றேன்."

"எப்ப?"

மகாராணி அன்று மத்தியானம் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

தினமும் காலையில் வித்யா சொல்லிவிடுவதாக இருந்தாள். காலையில் அப்பா, வண்டி நிற்கும் இடத்தைக் கூட்டிக்கொண்டிருப்பார். வண்டி இல்லாத இடத்தை எதற்குக் கூட்டுகிறார் என்று கேட்க முடியாது. சாயங்காலம் சொல்லலாம் என்றால், சாயங்காலம் குரங்கணி பஸ்சு வரும் நேரம். முனியாயி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நொண்டி நடந்துவருவாள். பொற்கொடி எதிரே வருகிறவர்களிடம், "என்ன சின்னம்மா, சோறாக்கியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். சிலர் பதில் சொல்வார்கள், சிலர் சொல்லமாட்டார்கள். வித்யா ஜன்னலை விட்டு உள்ளே தள்ளிப்போவாள். புத்தகத்தைத் திறந்தால் எழுத்து நிற்காது. பரீட்சையில் தாவரவியலில் பாதிக்கு மேல் எழுதாமல் வந்தாள். டீச்சர், "வீட்டுல கஷ்டம், தெரியும்மா" என்று தலையைத் தடவினார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

வண்டி பிடிபட்ட பதினெட்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் வித்யா வீட்டில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கேப்பைக்களியும் கீரையும். கோட்டைச்சாமி இரண்டு வாய் தின்றுவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"அடுத்த வியாழக்கிழமை வண்டி வந்துரும்னு வக்கீலு சொல்றாரு."

"வரட்டும்."

"அதுக்கு முன்னாடி முனியாயி வீட்டுக்கு ஒருக்காப் போயிட்டு வருவோம், ரெண்டு பேரும்."

"நான் என்னத்துக்கு?"

"அந்தப் புள்ள படிப்பு கெட்டுக்கிட்டு இருக்கு கருத்தம்மா. களை வெட்டுதாம். தெரியாமச் செஞ்சிருச்சு, சின்னப்புள்ள. நான் மனசுல ஒண்ணும் வச்சிக்கிடல, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு தாயின்னு சொல்லணும். நம்ம போயி மன்னிச்சாத்தான் தெருக்காரங்க வாய மூடுவாக."

வித்யா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, நீங்க போயி அவள மன்னிக்காதீங்க."

"ஏத்தா?"

"அவ எடுக்கல. நான்தான் எடுத்தேன். நான்தான் போட்டேன். போடாதன்னு சொன்னா அவ."

கருத்தம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்குக் கேட்டப்ப?" என்றார் கோட்டைச்சாமி.

"பயமா இருந்துச்சு."

"எனக்கா பயந்த? நான் உன்னைய ஒரு தடவ அடிச்சிருக்கனா?"

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்குப் பயம்?"

அவள் அழுதாள். அவர் தேற்றவில்லை. கையைக் கழுவினார். ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டினார். வெளியே போய்க் குடையை விரித்துக்கொண்டு நின்றார். "வாங்க ரெண்டு பேரும்" என்றார்.

முனியாயி வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பொற்கொடி பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முனியாயி எழ முயன்றாள்.

"உக்காரு தாயி." கோட்டைச்சாமி நின்றபடியே மகளைப் பார்த்தார். "சொல்லு."

வித்யா சொன்னாள். இரண்டாம் தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது. முனியாயி கேட்டு முடிக்கும்வரை எண்ணெய்க் கையை அப்படியே தூக்கி வைத்திருந்தாள்.

"அடிச்சனே" என்றாள். வித்யாவிடம் அல்ல, யாரிடமும் அல்ல. "அன்னைக்கு அடிச்சனே. வெளக்கமாறு பிஞ்சு போச்சே. ஒரு வார்த்தை சொல்லலியே இவ." பின்கட்டைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்: "ஏண்டி, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னா என்ன?"

பொற்கொடி நனைந்த பாவாடையோடு வாசற்படியில் வந்து நின்றாள். "சொல்லியிருந்தா நீ அங்க போயிச் சண்டை போட்டிருப்ப" என்றாள்.

"மருமகளே..." என்று கோட்டைச்சாமி தொடங்கினார். கையைக் கூப்பப் போனார். பொற்கொடி சட்டென்று வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். "மாமா, இதெல்லாம் செய்யாதீக. உக்காருங்க. காப்பி போடுறேன்."

காப்பி போட அவள் பின்கட்டுக்கு விறகெடுக்கப் போனபோது வித்யாவும் பின்னால் போனாள். கூரையிலிருந்து தண்ணீர் கோடாக வடிந்தது. பொற்கொடியின் உள்ளங்கையில் களைக்கொத்து பிடித்த காய்ப்பு, மஞ்சளும் கருப்புமாக இருந்தது.

"பொற்கொடி. என்னைய அடி. திட்டு."

"எதுக்கு?"

"உனக்குக் கோவமே வரலயா?"

பொற்கொடி விறகைக் கீழே வைத்தாள். "எல்லாரும் இதையேதான் சொல்றீக. இவளுக்குக் கோவம் வராதுன்னு. எனக்கும் வரும் வித்யா. வந்தா எல்லார் மொகமும் சுருங்கிப்போகும், அதப் பாக்க எனக்குப் பிடிக்காது. அதனால முழுங்கிக்கிறேன். வராமலா இருக்கு?"

வித்யா விறகை எடுக்கக் குனிந்தாள். பொற்கொடி விடவில்லை.

"நீ எம் பேரச் சொன்னியே, அதுக்குக் கோவமில்ல. பயந்துட்ட, தெரிஞ்சது. நான்தான ஆமான்னேன். நீ சாயங்காலம் வருவன்னு நெனச்சேன். மறுநா வருவன்னு நெனச்சேன். எங்கம்மா அடிச்ச அன்னைக்கு, சத்தம் கேட்டு ஓடி வருவன்னு நெனச்சேன். பக்கத்து வீடு மாதிரிதான இருக்க. கேக்கலயா உனக்கு?"

"கேட்டுச்சு."

"கேட்டுச்சா." அவள் தலையை ஆட்டினாள். "கேக்கலன்னு சொல்லுவன்னு இருந்தேன்."

அவள் விறகைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். காப்பி எல்லாருக்கும் வந்தது, வித்யாவுக்கும். சூடாக இருந்தது, சர்க்கரை சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வண்டி பழையபடி தெருமுனையில் நின்றது. செய்தி கேட்டுப் பதினெட்டுப் பேரும் தூக்குவாளியோடு வந்திருந்தார்கள். சோணை வண்டிக்குப் போன சந்திரவல்லியும் திரும்ப வந்திருந்தாள். கோட்டைச்சாமி வண்டிக்கு முன்னால் நின்று, இனிமேல் ஒன்பது பேரைத்தான் ஏற்ற முடியும், எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

வித்யா காலைச் சிறப்பு வகுப்புக்குப் போகப் பள்ளிச் சீருடையில் இருந்தாள். யாரும் சொல்லாமல் அவளே முன்னால் வந்தாள். முந்தின இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் பாதி மறந்துபோனது.

"அந்தப் படத்தைப் போட்டது நான். பொற்கொடி இல்ல. அவ மேல பழியப் போட்டதும் நான்தான். முனியாயி அத்தைய நீங்க பேசுனதெல்லாம் என்னையத்தான் பேசியிருக்கணும்."

குழாயடியில் பேசின பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சந்திரவல்லி வித்யாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரி, சொல்லிட்டேல்ல. தள்ளி நில்லு. வெரசா ஏறணும், நேரமாகுது."

கோட்டைச்சாமி முனியாயியை முதலில் ஏறச் சொன்னார். அவள் அசையவில்லை.

"என்னைய ஏத்திட்டு யாரை எறக்குவீக, அண்ணே? எல்லாருக்கும் வயிறு இருக்கு."

முன்சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த கருத்தம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "நான் ஊர்லயே ஏலக்கா கொடோனுக்குத் தரம் பிரிச்சுப் பொறுக்கப் போறேன். அங்க உக்காந்த எடத்துல கண்ணுக்குத்தான் வேலை. நீ ஏறு மதினி."

மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் முனியாயியிடம் பேசின முதல் பேச்சு அது. முனியாயி அவளையே பார்த்தாள். பிறகு கதவைப் பிடித்து, வலிக்கிற காலை ஊன்றி ஏறினாள். இன்னும் எட்டுப் பேர் ஏறினார்கள். கால் நீட்டி உட்கார இடம் இருந்தது. யாரும் நீட்டவில்லை. வண்டி கிளம்பிப் போனது.

மிச்சமிருந்தவர்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள். பிறகு திரும்பி நடந்தார்கள், காலையில் கட்டின சோறு வாளியில் அப்படியே இருக்க. அம்மாவை வழியனுப்ப வந்த பொற்கொடியும் பள்ளிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களோடு நடந்தாள். வயதான ஒருத்தியின் வாளியை வாங்கிக்கொண்டாள்.

"இந்தச் சோத்த என்ன பண்ணப் போறீக பெரியம்மா? எங்கிட்டக் குடுங்க, பள்ளிக்கூடத்துல நான் தின்னுக்கிறேன்."

"கருவாடு இருக்குடி. டீச்சர் வெரட்டிவிடும்."

"டீச்சருக்கும் ஒரு துண்டு குடுத்துட்டாப் போச்சு."

அவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பவர்கள் மாதிரி, சத்தமில்லாமல்.

வித்யா அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கும் அதே வழிதான். நாலு எட்டு வேகமாக வைத்தால் பக்கத்தில் போய்விடலாம். தெருத் திருப்பத்தில் பொற்கொடி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நிற்கவில்லை. நடையைக் கொஞ்சம் தளர்த்தினாள் என்று தோன்றியது. அது தனக்காகவா, கூட வந்த பெரியம்மாவுக்காகவா என்று தெரியவில்லை. வித்யாவும் நடையைத் தளர்த்திக்கொண்டாள்.